வளையும் குழாய்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வீட்டுச் சீரமைப்புக் கடனுக்காக எங்களிடம் வரும் மதிப்பீட்டுத் தாள்களில் வண்ணப்பூச்சுக்கும் தரைக்கல்லுக்கும் தனித்தனி வரிகள் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்கோ ‘பிளம்பிங்’ என்ற ஒற்றை வரிதான். பின்னாளில் சுவரை உடைக்க வைப்பது பெரும்பாலும் அந்த வரியே.

பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. அந்நீர் வினாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினாலும் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் வீணாகும்.

சாலைக் குழாயிலிருந்து மீட்டர் வரையிலான பகுதியில் நாமே கைவைத்தல் கூடாது. அது குடிநீர் வாரியத்தின் உரிமம் பெற்ற பிளம்பரின் வேலை. சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து தோட்டத்துக்கும் குளியலறைக்கும் செல்லும் இணைப்புகளே நம் முயற்சிக்கு உரியவை. அவற்றில் வளையும் குழாயைப் பலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. திருப்பத்துக்கு ஒரு எல்போ தேவையில்லை; இணைப்புகள் குறைகின்றன. ஒழுகுவது குழாயைவிட இணைப்பில்தான் அதிகம்.

விலையைக் கேட்குமுன், குழாய் எங்கே கிடக்கப் போகிறது என்று பாருங்கள். வெயிலில் மொட்டைமாடியில் என்றால் கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் ஏற்றது. அதில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தாங்கும். கையால் முறுக்கி இறுக்கும் இணைப்பிகளும் கிடைக்கின்றன. ஆனால் வெந்நீரில் அது தளர்ந்துவிடும். கீசருக்கும் சூரிய வெந்நீர்க் கலத்துக்கும் பெக்ஸ் குழாயோ, நடுவே அலுமினியத் தகடு வைத்த கூட்டுக் குழாயோ வேண்டும். பெக்ஸ் வெயிலுக்கு ஆகாது. பசை கொண்டு ஒட்டவும் இயலாது. அதற்குரிய வளையமும் இறுக்கும் கருவியும் தேவை. அவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். செடிகளுக்கு நீர் விடும் பச்சை ஓஸை நிரந்தர இணைப்பாக்குவோரும் உள்ளனர். அதனை எவருக்கும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அழுத்தத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகை. 10 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்; பி.என். 10 என்று அச்சிட்ட குழாய் குளிர்நீரில் 10 பார் தாங்கும். வெந்நீரில் இத்தாங்குதிறன் குறையும் என்பதே கவனிக்க வேண்டியது.

புதிய பொருளை நம்புவதிலும் நிதானம் தேவை. அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை பாலிபியூட்டிலீன் என்னும் வளையும் குழாய் மிகப் பல வீடுகளில் பதிக்கப்பட்டது. மலிவு, பதிப்பதும் எளிது. ஆயினும் குடிநீரில் கலக்கும் குளோரின், குழாயையும் இணைப்பிகளையும் உள்ளிருந்தே அரித்தது. வழக்குகள் பெருகி, 1995இல் குறைந்தது 95 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. நம் காவிரி நீரிலும் குளோரின் உண்டு. எனவே குழாயின் மேல் அச்சிட்ட வரியைப் படித்த பின்னரே பணம் கொடுங்கள். எச்.டி.பி.இ. எனில் ஐ.எஸ். 4984, அலுமினியக் கூட்டுக் குழாய் எனில் ஐ.எஸ். 15450 என்ற எண் இருத்தல் வேண்டும். எண்ணின்றி ‘ஐ.எஸ்.ஐ. தரம்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது சான்றாகாது. குழாயையும் இணைப்பிகளையும் ஒரே நிறுவனத்தின் பொருளாக வாங்குவது நன்று.

பதித்தவுடன் சுவரைப் பூசிவிடாதீர்கள். ஓர் இரவு முழுதும் நீரை நிறுத்தி, மறுநாள் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ வீட்டுக் காப்பீடு, குழாய் வெடித்து நேரும் சேதத்துக்கு ஈடு தருகிறது. ஆண்டுக்கணக்கில் ஊறும் கசிவை அவ்வாறு எண்ணிவிட வேண்டாம். பத்திரத்தின் விலக்குகளைப் படியுங்கள். பூசுமுன் குழாய் செல்லும் வழியை அளவுநாடாவுடன் படமெடுத்து, வாங்கிய ரசீதுடன் வீட்டுப் பத்திரக் கோப்பில் வையுங்கள். பிறகு ஆணி அடிக்க வருபவருக்கு அப்படம் தேவைப்படும்.