வகுப்பறை இல்லாத செமஸ்டர்கள்

கொரோனாவால் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன. மார்ச் 31 வரைதான் விடுமுறை என்பது முதல் அறிவிப்பு. அதை நம்பி, புத்தகங்களையும் ரெக்கார்டு நோட்டுகளையும் விடுதி அறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் பலர். இளநிலை இறுதியாண்டினருக்குக் கல்லூரி திறந்தது டிசம்பர் 7ஆம் தேதி. மற்ற இளநிலை மாணவர்களுக்கு 2021 பிப்ரவரி 8. மார்ச்சில் மறுபடியும் மூடி, செப்டம்பர் 1ஆம் தேதி திறந்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் பாடம் கைபேசிக்குள் வந்தது. நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் 9,69,047 மாணவர்களுக்கு இலவச டேட்டா அட்டை தருவதாக அரசு அறிவித்தது 2021 ஜனவரியில்தான். அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே போன் இருந்த வீட்டிலும், டவர் கிடைக்காத மலைக் கிராமத்திலும் அதனால் பெரிய பயன் இருந்திருக்காது. ஆய்வகப் பாடங்களின் இழப்பு இன்னும் பெரியது. டைட்ரேஷனில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைக் காணொளி பார்த்துக் கை பழக முடியாது.

மாணவர்களை அதிகம் அலைக்கழித்தது தேர்வு. கட்டணம் கட்டிய, இறுதி செமஸ்டர் அல்லாத அரியர் மாணவர்கள் எல்லோருக்கும் தேர்ச்சி என்று 2020 ஆகஸ்ட் 26ஆம் தேதி முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நன்றி சொல்லி பேனர்கள் எழுந்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) எதிர்த்தது, வழக்கு நடந்தது. தேர்வே வைக்காமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. தேறியதாக வீட்டில் சொல்லிவிட்டவர்கள் எட்டு மாதம் கழித்து மறுபடியும் தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது. தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தேறினோமா இல்லையா என்றே தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமை.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 விழுக்காடு கூடின என்றும், இளைஞர்களும் பெண்களுமே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. கல்லூரி மாணவர்கள் விஷயத்தில் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூலி வேலை நின்றுபோன வீட்டில் ஆன்லைன் வகுப்பு நடந்தது. கல்லூரி நேரம் என்று ஒன்று இல்லாமல் போனதும் பெண்கள் மீது வீட்டு வேலை ஏறியது. இரண்டாம் அலையில் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு, கூடி அழவும் வழியில்லை.

விடுதியில் ஒருவன் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் அறைத்தோழன் கேட்பான். முகம் வாடினால் ஆசிரியர் கண்ணில் படும். கேமராவை அணைத்துவிட்ட வகுப்பில் இருந்தது பெயர் மட்டும்தான். படிப்பின் இழப்பை விட இந்தக் கண்காணாமைதான் ஆழமான காயம்.

கல்லூரிகள் திறந்த பிறகும் அது ஆறவில்லை. 2020இல் சேர்ந்தவர்கள் இரண்டாமாண்டிலும் வளாகத்துக்குப் புதியவர்களாகவே இருந்தனர். மூன்று மணி நேரம் பேனா பிடித்து எழுதும் பழக்கம் பலருக்கு விட்டுப்போயிருந்தது. 2021 நவம்பரில் மதுரை உள்ளிட்ட ஊர்களில் மாணவர்கள் நேரடித் தேர்வை எதிர்த்துப் போராடியதைச் சோம்பல் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அதில் அச்சமும் இருந்தது.

மாணவர்களின் மனநலத்துக்காக மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் 'மனோதர்பண்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எந்த நேரமும் அழைக்கக்கூடிய 14416 என்ற 'டெலி மானஸ்' எண் நாடு முழுவதுக்குமாக வந்தது 2022 அக்டோபரில். கல்லூரிகள் மூடப்பட்டபோது மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதற்குள் படிப்பை முடித்து வெளியேறியிருந்தனர்.