நாலாயிரம் வெள்ளிக்கு மேல் ஓவர்டைம் உண்டா?

தகவல் தொழில்நுட்பத் துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவர்களே, நியமனக் கடிதத்தில் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். வேலை நேரத்தையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. அதன்படி மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறுவோர் ஓவர்டைம் ஊதியத்தைச் சட்டப்படி கோர முடியாது; ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

கணக்குப் பார்ப்போம். 3,900 வெள்ளியை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் மணிக்கு 28 வெள்ளி 12 காசு. மாதம் 12 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் சுமார் 337 வெள்ளி. ஒப்பந்தத்தில் ஓவர்டைம் இல்லாத 4,200 வெள்ளி வேலையைவிட இதுவே மேல்.

ஒன்று நினைவிருக்கட்டும்: ஓவர்டைம் பணத்துக்கு ஊழியர் சேமநிதி பிடிக்கப்படுவதில்லை, முதலாளியின் பங்கும் சேராது. அதில் ஒரு பகுதியை நீங்களே சேமியுங்கள்.