குளம் போன்ற கடல் எழுந்தது ஏன்?



கோடை விடுமுறையில் ஒரு நாள் மதுரையிலிருந்து காலை ரயிலில் குடும்பத்துடன் இராமேசுவரம் புறப்பட்டோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், என் மனைவி கட்டி எடுத்துவந்த புளியோதரைப் பொட்டலங்கள். இவைதாம் எங்கள் மூட்டை முடிச்சு. காலையில் போய் இரவில் திரும்பிவிடுவது திட்டம்.

மண்டபத்தைத் தாண்டியதும் ரயில் வேகம் குறைந்தது. பாம்பன் பாலம் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம் இது. கப்பல் வரும்போது இதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயரும். அருகிலேயே 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலமும் தெரிந்தது. அதன் நடுப்பகுதியோ இரண்டாகப் பிரிந்து கதவுபோல் மேல்நோக்கித் திறக்கும் வகையில் கட்டப்பட்டது.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி நடுக்கடல்ல எப்படிப்பா தூண் நட்டாங்க?" என்று கேட்டான் மகன்.

நல்ல கேள்வி. விடை எளிது. இங்கே கடலுக்கு ஆழம் குறைவு. இந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பயணம் முழுவதும் இது கூடவே வரப்போகிறது.

இரண்டு கடல்கள்

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் வண்டி உருட்டித்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. சாலையின் இரு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான்.

நாங்கள் போன அன்று தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்தது. தெற்குக் கடல் ஆர்ப்பரித்தது. வடக்குக் கடலோ அசையாமல் கிடந்தது. இதனால்தான் இப்பகுதி மக்கள் தெற்கே உள்ளதை 'ஆண் கடல்' என்றும் வடக்கே உள்ளதைப் 'பெண் கடல்' என்றும் சொல்கிறார்கள்.

காரணம் என்ன? அலை பெரிதாக வளர மூன்று வேண்டும்: வேகமான காற்று, அது நீடித்து வீசும் நேரம், அது தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பு. தெற்கே இந்துமாக்கடல் திறந்து கிடக்கிறது. தொலைவில் பிறந்த அலைகளும் இங்கே வந்து சேரும். வடக்கே உள்ள பாக் விரிகுடாவுக்குத் தமிழ்நாட்டுக் கரையும் இலங்கைக் கரையும் இருபுறச் சுவர்கள். இராமேசுவரம் தீவும் இராமர் பாலத்தின் மணல்திட்டுகளும் தெற்குச் சுவர். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். அப்போது பெண் கடல் சீறும், ஆண் கடல் அடங்கும்.

ஆழத்திலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மன்னார் வளைகுடாவின் அடித்தளம் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பாக் விரிகுடாவிலோ பெரும்பகுதியில் ஆழம் 10 மீட்டர் அளவுதான். ஒரு மூன்று மாடி வீட்டை அதில் நிறுத்தினால் மொட்டை மாடி நீருக்கு வெளியே தெரியும்!

அந்த இரவு

வழியில் பழைய ஊரின் மிச்சங்களைப் பார்த்தோம். பவளக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள், ரயில் நிலையத்தின் இடிபாடுகள். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து 'போட் மெயில்' ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளிக்கூடம் என்று எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, இலங்கையைக் கடந்துவந்த கடும்புயல் ஒன்று பாக் விரிகுடாவுக்குள் நுழைந்தது. நள்ளிரவை ஒட்டிய வேளையில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஊர் அழிந்தது. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பலவும் கடலில் விழுந்தன. கடல் சுமார் 7 மீட்டர் உயர்ந்ததாகக் கூறப்படுகிறது. பின்னர் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது.

மகன் வடக்குக் கடலை ஒரு முறை, தெற்குக் கடலை ஒரு முறை பார்த்தான். "அந்த ஆர்ப்பாட்டமான கடல்தானே ஊருக்குள்ள வந்திருக்கும்? இது குளம் மாதிரி இருக்கே, அப்பா!" என்றான்.

நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்? ஆனால் இயற்பியல் வேறு விடை தருகிறது.

மணலில் ஒரு கணக்கு

நம் வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயலின் மையம் நமக்குக் கிழக்கே இருந்தால் நம்மீது காற்று எத்திசையிலிருந்து வீசும்? ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். வடக்கிலிருந்து! அதாவது, புயல் இலங்கைப் பக்கமிருந்து நெருங்கும்போது காற்று பாக் விரிகுடா நீரைத் தெற்கு நோக்கித் தள்ளுகிறது. தெற்கே தீவும் மணல்திட்டுகளும் வழிமறிக்கின்றன. நீர் குவிகிறது.

எவ்வளவு குவியும்? என் மகள் ஈர மணலில் குச்சியால் கணக்கிட்டாள். நீங்களும் தாளை எடுங்கள். 1 மீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு நீர்ப்பட்டையைக் கற்பனை செய்வோம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்று, நீரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 7 நியூட்டன் விசையுடன் உராய்ந்து இழுக்கும். இது முக்கால் கிலோவுக்கும் குறைந்த எடைதான். ஆனால் மொத்த விசை:

7 × 50,000 = 3,50,000 நியூட்டன்.

குவிந்த நீர் திரும்பி வரப் பார்க்கும். ஒரு முனையில் மட்டம் உயர்ந்தால், அங்கே மேலிருந்து அடிவரை எல்லா ஆழத்திலும் அழுத்தம் கூடுகிறது. ஆகவே பின்னோக்கித் தள்ளும் விசை, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், கடலின் ஆழம், மட்ட உயர்வு ஆகிய நான்கின் பெருக்கற்பலன். ஆழம் 10 மீட்டர் எனக் கொண்டால்:

1000 × 10 × 10 × மட்ட உயர்வு = 3,50,000.

மட்ட உயர்வு 3.5 மீட்டர்!

"ஆழம் 100 மீட்டர்னா?" என்று கேட்டேன். அவள் ஒரு சுழியைச் சேர்த்தாள். விடை வெறும் 35 சென்டிமீட்டர்.

புரிகிறதல்லவா? ஆழ்கடலில் மேலே தள்ளப்படும் நீர் அடிவழியாகத் திரும்பிவிடலாம். ஆழமற்ற கடலில் அதற்கு வழியில்லை. மேலும், காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இத்துடன், புயல் மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும். இப்படி உயர்ந்த மட்டத்தின் மேல்தான் புயலலைகள் ஏறி வருகின்றன. நம் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் குளம் போன்ற கடல் ஊரை விழுங்கக்கூடும் என்பதை அது காட்டிவிட்டது.

அன்று பாலத்துக்குத் தூண் நட உதவிய அதே ஆழமின்மைதான், இந்தக் கடலை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது.

அலை வேறு, எழுச்சி வேறு

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண அலை சில நொடிகளில் வந்து மீளும். புயல் எழுச்சி அப்படியன்று. கடலின் மட்டமே உயர்ந்து, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். 'ஓர் அலைதானே, போய்விடும்' என்று காத்திருக்க முடியாது.

வங்காள விரிகுடாவின் வடமுனையும் ஆழமற்றதே. 1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று, எழுந்த கடல்தான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கடலின் ஆழ வரைபடத்தையும் புயலின் பாதையையும் கணிப்பொறியில் இட்டு, எந்தக் கரையில் நீர் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். இந்திய வானிலைத் துறையும் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்த எச்சரிக்கையைத் தருகின்றன. பயனைப் பாருங்கள். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் அதே ஒடிசாவில் 'பைலின்' புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். இறப்பு சில பத்துகளோடு நின்றது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு நீண்ட தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். ஒரு முனையிலிருந்து மேசை விசிறியை வேகமாக ஓடவிடுங்கள். விசிறிப் பக்கம் நீர் விலகி, மறுமுனையில் குவிவதைக் காணலாம். பிறகு ஆழமான தொட்டியில் இதையே செய்யுங்கள். சிற்றலைகள் எழும்; ஆனால் மட்டம் மாறுவது கண்ணுக்கே தெரியாது.

பொழுது சாயுமுன் தனுஷ்கோடியிலிருந்து திரும்பிவிட வேண்டும். வண்டியில் ஏறும் முன் மகன் வடக்குக் கரையில் இறங்கி நின்றான். நெடுந்தூரம் நடந்தும் தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டவில்லை. "இப்பத்தான் பயமா இருக்கு, அப்பா" என்றான்.

பயம் தேவையில்லை, அறிவு போதும். கடலோர ஊர்களில் வாழும் மாணவர்களே! புயல் எச்சரிக்கை வரும்போது கரைக்குப் போய்க் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மேட்டுக்குப் போகச் சொன்னால் உடனே போங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்டால், அந்த மூன்று வரிக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.