வறுமையா, குறையும் இடைவெளியா? சாதி வன்முறையின் பொருளியல்

வாழ்க்கைத்தரம் தாழ்ந்த இடத்தில் வன்முறை மிகும். வளர்ச்சி வந்தால் அது தானே அடங்கும் என்று பலரும் நம்புகின்றனர். சாதிய வன்கொடுமைகளின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு எதிராகவே சான்று கூறுகிறது.

1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இரு நிகழ்வுகளைப் பதிவு செய்துள்ளார். அகமதாபாத் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், வசதியுள்ள தீண்டப்படாத குடும்பங்களின் பெண்கள் உலோகக் குடங்களில் நீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டனர். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாராவில், தம் மக்களுக்கு ஒருவர் அளித்த விருந்தில் நெய் இடம்பெற்றதற்காகத் தடிகளுடன் வந்த கூட்டம் உணவைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்தது. அங்கே குடமும் நெய்யுமே குற்றங்களாயின.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். வறுமையில் உழன்ற அம்மக்கள் கேட்டது கூலி உயர்வு. தீ வைத்தது நிலவுடைமைத் தரப்பு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நுழைந்த காவல்துறையினர், வளைகுடா நாடுகளில் உழைத்து ஈட்டிய பணத்தில் வாங்கிய தொலைக்காட்சிகளையும் மின்விசிறிகளையும் அடித்து நொறுக்கினர்.

இவை தனித்தனி நிகழ்வுகள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். 2001 முதல் 2010 வரையிலான மாவட்டவாரிக் குற்றப் பதிவுகளைப் பொருளியலாளர் ஸ்மிருதி சர்மா ஆராய்ந்தார். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நுகர்வுச் செலவு உயர்சாதியினரின் செலவை நெருங்கும்போது, அவர்கள் மீதான வன்முறைக் குற்றங்கள் கூடுவதை அவர் கண்டார். இத்தொடர்பு பெரிதும் உயர்சாதியினரின் பொருளாதார நிலையில் ஏற்படும் மாற்றத்தால் விளைகிறது என்பதும் அவருடைய முடிவு. எனவே, வாழ்க்கைத்தரச் சரிவு வன்முறையைத் தூண்டக்கூடும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆயுதம் ஏந்துவது வறியவரின் பசியன்று. மேலே இருப்பதாக எண்ணியவரின் அச்சம்.

இதை உணர்ந்தால் இரு கடமைகள் தெளிவாகும். முதலாவதாக, வளர்ச்சித் திட்டங்களைக் காட்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தேவையைக் குறைத்துப் பேசுவதை நாம் ஏற்கலாகாது. முன்னேற்றம் தொடங்கும் இடத்தில்தான் பாதுகாப்பு கூடுதலாகத் தேவை. இரண்டாவதாக, தாக்குதலுக்குப் பின் உண்மை அறியச் செல்வோர் காயங்களை மட்டுமன்றி, அழிக்கப்பட்ட வீடு, வண்டி, சான்றிதழ், தானியம் ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு தலைமுறையின் உழைப்பு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.