மலையில் புதைத்த பொன்



1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டே உலகின் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே ஓடினார்கள். அதற்குச் சற்று முன்பே நமது கண்டி மலைகளிலும் அப்படியொரு ஓட்டம் நடந்தது. இங்கே அவர்களை இழுத்தது தங்கம் அல்ல, கோப்பி. இராணுவ அதிகாரிகளும் அரச உத்தியோகத்தர்களும்கூடக் காடு வாங்கித் தோட்டம் போட்டார்கள். 1845 அளவில் உச்சத்துக்குப் போன மோகம், 1847இல் விலை சரிந்ததும் பலரைக் கடனாளியாக்கியது. மற்ற நாடுகளில் பொன்னைத் தோண்டியெடுக்க ஓடினார்கள், இலங்கையிலோ புதைக்க ஓடினார்கள் என்ற பொருள்பட, அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலில் கேலி செய்தார்.

அந்த நாட்களின் ஆவணம் கண்டி நகரிலேயே இருக்கிறது. தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பழைய பிரித்தானியப் படைக் கல்லறைத் தோட்டத்தில், காய்ச்சலுக்கு இளவயதிலேயே பலியானவர்களின் பெயர்களைப் படிக்கலாம். 1856இல் காட்டு யானை தாக்கி இறந்த ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபர்ட்சனின் கல்லறையும் அங்கேதான்.

அந்தத் தோட்டங்களில் கோப்பிப் பழம் பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலையேறினார்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. மலையக மக்களின் வாழ்வைச் சொல்லும் ஆவணம் வேறு வடிவில் இருக்கிறது: சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. தேடி வாசியுங்கள், நேயர்களே.