'உன்கிட்ட பேசினா தெளிவாகுது'ன்னு சொல்றாங்களா? லைஃப் கோச் ஆகும் முன் இதைப் படிங்க!

பிரேக்-அப் ஆன ஃப்ரெண்ட் ராத்திரி 1 மணிக்கு உங்களுக்குத்தான் போன் பண்றாரா? அப்ரைசலில் அடிவாங்கிய ஆபீஸ் தோழி, டீ பிரேக்கில் உங்களைத்தான் தேடி வர்றாரா? அப்படின்னா, 'நீ பேசாம இதையே தொழிலா பண்ணலாம்ல' என்று யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அடுத்த வாரமே இன்ஸ்டாகிராமில், 'வேலையை விட்டேன், லைஃப் கோச் ஆனேன், இப்போ லட்சத்துல சம்பாதிக்கிறேன்' என்று ஒரு ரீல் வந்து நிற்கும். கீழேயே கோர்ஸுக்கான லிங்க்கும் இருக்கும்.

அந்த லிங்க்கைத் தொடும் முன் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. உங்கள் சேமிப்பு, இப்போது கையில் இருக்கும் வேலை, நாளைக்கு உங்களை நம்பி எதிரில் வந்து உட்காரப்போகும் ஒருவரின் வாழ்க்கை... மூணுமே இந்த முடிவில் இருக்கு.

கோச் என்ன செய்வார்?

'கோச்' என்ற வார்த்தையின் கதையே சுவாரஸ்யம். ஹங்கேரியில் 'கோச்' என்றொரு கிராமம். அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக, வண்டிக்கே அந்த ஊர்ப் பெயர் வந்துவிட்டது. 19-ம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரைசேர்க்கும் ஆசிரியரைக் கிண்டலாக 'கோச்' என்று கூப்பிட, அது விளையாட்டுக்குப் போய், இப்போது வாழ்க்கைக்கும் வந்திருக்கிறது.

நாம் ரயிலில் ஏறும் கோச்சும் அதே வார்த்தைதான். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதைப் பயணிதான் முடிவு செய்கிறார். லைஃப் கோச்சிங்கின் அடிப்படையும் இதுதான். எங்கே போகணும்னு க்ளையன்ட் சொல்வார். அவர் அங்கே போய்ச் சேர்வதற்கான யோசனையை அவரிடமிருந்தே வரவைப்பது கோச்சின் வேலை.

டென்னிஸ் பயிற்சியாளர் திமோதி கால்வே 1974-ல் எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' புத்தகம் இந்தச் சிந்தனைக்கு முக்கியமான தொடக்கம். ஆட்டக்காரருக்கு ஓயாமல் கட்டளை போடுவதைவிட, பந்தை அவரே கவனிக்க வைத்தால் ஆட்டம் தானாகத் தேறும் என்றார் அவர். பிறகு ஜான் விட்மோர் இதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். 1992-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தால் 'க்ரோ' என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் இருக்கு, எதைச் செய்யப்போறீங்க... இந்த நாலு கேள்விகள்தான் 'க்ரோ'.

ஒரே பிரச்னை, ரெண்டு விதமான பேச்சு

ஒரு கற்பனை உதாரணம். 27 வயதுப் பெண் ஒருவர் வந்து, "ஐ.டி வேலையை விட்டுட்டு கேக் பிசினஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறார்.

நண்பராக இருந்தால் நாம் என்ன சொல்வோம்? "சூப்பர்டி, பண்ணு" என்போம். இல்லையென்றால், "லோன் இருக்கும்போது ரிஸ்க் எடுக்காதே" என்போம். ரெண்டுமே அக்கறைதான். ஆனால், ரெண்டுமே நம்முடைய ஆசை, நம்முடைய பயம்.

கோச் இப்படித் தொடங்குவார்: "வேலையை விடணும்ங்கிற எண்ணம் எப்போ வந்துச்சு?"

"நாலு மாசமா... நைட் ஷிஃப்ட் போட்டதுல இருந்து."

"அதுக்கு முன்னாடி கேக் பண்றது உங்களுக்கு என்னவா இருந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை பண்ணுவேன். ஜாலியா இருக்கும்."

"ஷிஃப்ட் மாறிடுச்சுன்னா?"

கொஞ்ச நேரம் அமைதி. "தெரியல... அப்போ விட மாட்டேனோ என்னவோ."

அந்தப் பெண் கொண்டுவந்த கேள்வி கேக் பிசினஸ். உள்ளே இருந்த கேள்வி தூக்கமில்லாத நாலு மாதம். நீங்கள் முதல் நிமிடத்திலேயே பிசினஸ் ஐடியா கொடுத்திருந்தால், இது வெளியே வந்திருக்கவே இருக்காது. அவர் மேலதிகாரியிடம் ஷிஃப்ட் மாற்றம் கேட்கலாம். அல்லது யோசித்துப் பார்த்து கேக் கடையே திறக்கலாம். எதுவாக இருந்தாலும், அது அவருடைய முடிவு.

இப்போது உங்களுக்கான கேள்வி. அந்த அமைதி வந்ததே, அப்போது உங்களால் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? 'நல்லா அட்வைஸ் பண்றே' என்று பெயர் வாங்கியவர்களுக்கு இங்கேதான் ரொம்பக் கஷ்டம். பதில் நாக்கு நுனியில் நிற்கும். அதை விழுங்கிவிட்டு அடுத்த கேள்வி கேட்க வேண்டும். அறிவுரை சொல்வதில்தான் உங்களுக்கு சந்தோஷம் என்றால், அதில் தப்பே இல்லை. ஆசிரியர், டிரெய்னர், மென்டார் என்று அதற்கான வேலைகள் இருக்கின்றன. கோச்சிங் அதற்கான இடம் கிடையாது.

தாண்டவே கூடாத கோடு

இந்தியாவில் மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ்ஸுக்குப் பிறகு மனநல மேற்படிப்பு வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று போர்டு மாட்ட இப்படி எந்த அரசுப் பதிவும் கட்டாயமில்லை. இன்று ராத்திரி பயோவை மாற்றினால், நாளைக் காலையில் நீங்களும் கோச்.

இது கேட்க வசதியாக இருக்கும். ஆனால், யாரும் கண்காணிக்காத தொழிலில் தப்பு நடந்தால், முழு பாரமும் உங்கள் தலையில்தான். உங்களிடம் வருபவர், 'எனக்கு டிப்ரெஷன்' என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார். 'மோட்டிவேஷன் இல்லைங்க' என்றுதான் சொல்வார். அதனால், இந்த அறிகுறிகளை மனப்பாடமாக வைத்திருங்கள்:

• ரெண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது

• வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது

• குடி அல்லது போதையை விட முடியாமல் தவிப்பது

• வீட்டில் அடி, மிரட்டல், பாலியல் துன்புறுத்தல்

• யாரோ பேசுவதுபோல் குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது

இதில் எது இருந்தாலும் கோச்சிங் செஷனை அங்கேயே நிறுத்துங்கள். 'பாசிட்டிவா யோசிங்க' என்று சொல்லும் நேரம் அது இல்லை. உரிய மருத்துவரிடமோ, உளவியல் நிபுணரிடமோ, பாதுகாப்பு தரும் அமைப்பிடமோ அனுப்பி வையுங்கள். மத்திய அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், தனியாக விடாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும் உடனே தெரியப்படுத்துங்கள்.

இன்னொரு கோடும் உண்டு. 'மணி கோச்' என்ற பெயரில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னால், அது முதலீட்டு ஆலோசனை. அதற்கு செபியில் பதிவு வேண்டும். 'மாத்திரையை நிறுத்திடுங்க, மனசு சரியானா சுகர் சரியாகிடும்' என்பதெல்லாம் பேசவே கூடாத பேச்சு.

சான்றிதழ் வேண்டுமா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால், தொழிலில் நிலைக்க நினைத்தால் முறையான பயிற்சி வேண்டும். உலக அளவில் அதிகம் மதிக்கப்படுவது, 1995-ல் தாமஸ் லெனார்டு தொடங்கிய ஐ.சி.எஃப் என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்று. இதில் மூன்று படிகள்:

• ஏ.சி.சி: குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர கோச்சிங் அனுபவம்

• பி.சி.சி: 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம்

• எம்.சி.சி: 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம்

முதல் படியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த 100 மணி நேரத்தில் 75 மணி நேரம் கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். மூத்த கோச் ஒருவர் உங்கள் கோச்சிங்கைக் கவனித்துத் திருத்தும் 10 மணி நேரமும் உண்டு, தேர்வும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் கோச்சிங் செய்தால், 100 மணி நேரத்தை எட்டவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். இப்போது, 'ரெண்டே நாளில் சர்வதேச லைஃப் கோச்' என்ற விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோர்ஸில் சேரும் முன் நடத்துபவரிடம் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தப் பயிற்சிக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது? (அந்த அமைப்பின் இணையதளத்திலேயே சரிபாருங்கள்.)

2. நான் கோச்சிங் செய்வதை நேரில் பார்த்துத் திருத்துவீர்களா, ரெக்கார்டு செய்த வீடியோ மட்டும்தானா?

3. ரெண்டு வருஷம் முன்பு படித்தவர்களில் நானே தேர்ந்தெடுக்கும் சிலரிடம் பேசலாமா?

4. உங்கள் வருமானத்தில் க்ளையன்ட்களிடமிருந்து வருவது எவ்வளவு, புதிய கோச்களை உருவாக்கும் கோர்ஸிலிருந்து வருவது எவ்வளவு?

நாலாவது கேள்விக்கு மழுப்பினால் உஷார். கோச் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதே அவருடைய உண்மையான தொழிலாக இருக்கலாம். 'இன்னைக்கு நைட் 12 மணியோட ஆஃபர் முடியுது', 'கிரெடிட் கார்டுல இ.எம்.ஐ போட்டுக்கலாம்' என்று அவசரப்படுத்தினால், தாராளமாக வெளியே வந்துவிடலாம். தன் மாணவரையே யோசிக்க விடாதவர், அடுத்தவரை யோசிக்க வைக்க எப்படிச் சொல்லித்தருவார்?

காசு வருமா? ஒரு கணக்கு

ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்றால் 27 செஷன்கள் பண்ண வேண்டும். ஒருவர் மாதம் ரெண்டு முறை வருவார் என்றால், எப்போதும் 14 பேர் கையில் இருக்க வேண்டும். ஒருவர் சராசரியாக மூணு மாதம் தொடர்வார் என்றால், மாதாமாதம் ஏறக்குறைய 5 புதியவர்களைப் பிடிக்க வேண்டும். இலவசமாகப் பேசிப் பார்ப்பவர்களில் நாலில் ஒருவர்தான் சேர்வார் என்றால், மாதம் 20 அறிமுகப் பேச்சுகள்.

ஆக, உங்கள் நேரத்தில் பெரும் பகுதி ஆள் தேடுவதிலும், போஸ்ட் போடுவதிலும், 'கட்டணம் எவ்வளவு?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவருக்கு மறுபடி மெசேஜ் அனுப்புவதிலும் போகும். கோச்சிங் பிடிக்கும், விற்பது பிடிக்காது என்றால், தனியாகத் தொழில் செய்வது கஷ்டம். நிறுவனங்களில் ஹெச்.ஆர், பயிற்சித் துறைகளில் இருந்தபடி கோச்சிங் செய்யும் வழியைப் பார்க்கலாம். எப்படியிருந்தாலும், ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு டிராஃப்ட்டிலேயே வைத்திருங்கள்.

25 வயசுல லைஃப் கோச்சா?

'நீயே இன்னும் செட்டில் ஆகல, நீ என்னத்த ஊருக்கு வழி காட்டப்போற?' என்று சித்தப்பா கேட்பார். அதில் பாதி நியாயம் இருக்கு. 20 வருஷக் குடும்ப வாழ்க்கையில் சிக்கித் தவிப்பவருக்கு நீங்கள் கோச் ஆக முயல வேண்டாம். ஆனால், கிராமத்திலிருந்து வந்து சென்னையில் முதல் வேலையில் திணறுபவர், அரியர்ஸை முடிக்கத் திட்டமில்லாமல் தவிக்கும் மாணவர், கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண் என்று உங்களுக்குப் பரிச்சயமான ஓர் உலகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 'எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும்' என்று ஆரம்பித்தால், யாருக்கும் உங்களை ஞாபகம் இருக்காது.

காசில்லாத மூணு மாச டெஸ்ட்

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முதல் மாதம்: நெருங்கிய நண்பர், உறவினர் அல்லாத மூணு பேரைத் தேர்ந்தெடுங்கள். 'நான் பயிற்சி எடுக்கிறேன், இன்னும் கோச் ஆகல' என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வேலை, படிப்பு, பழக்கம் என்று சின்ன இலக்கு ஒன்றை அவர்களே சொல்லட்டும். பேசுவது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்.

ரெண்டாம் மாதம்: இந்த ரெண்டு மாதங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் 45 நிமிடம் வீதம் நாலு முறை பேசி முடியுங்கள். மொத்தம் 9 மணி நேரம். அனுமதி வாங்கி ரெக்கார்டு செய்து, திரும்பக் கேளுங்கள். நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், 'நான் என்ன சொல்றேன்னா' எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

மூணாம் மாதம்: அதே மூணு பேரிடம், 'தொடரணும்னா ஒரு செஷனுக்கு 300 ரூபாய்' என்று சொல்லிப் பாருங்கள். காசு கேட்கும்போது உங்கள் குரல் எப்படி மாறுகிறது, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது ரெண்டுமே முக்கியமான பாடம். கூடவே, 'நம்ம பேச்சுக்கு அப்புறம் நீங்க செஞ்ச ஒரு விஷயம் என்ன?' என்றும் கேளுங்கள். 'நல்லா இருந்துச்சு' என்பது பாராட்டு. 'மேனேஜர்கிட்ட பேசிட்டேன்', 'ரெண்டு பேப்பர் கிளியர் பண்ணிட்டேன்' என்பதுதான் ரிசல்ட்.

முடிவு எடுக்கும்போது மூணு விஷயங்களைப் பாருங்கள். மூணு பேரில் ஒருவராவது காசு கொடுத்துத் தொடர்ந்தாரா? முதல் பதிவைவிடக் கடைசிப் பதிவில் நீங்கள் பேசியது குறைந்திருக்கா? ஒவ்வொரு செஷன் முடிந்ததும் அடுத்ததற்குக் காத்திருந்தீர்களா, 'அப்பாடா' என்று இருந்ததா? மூணுக்கும் நல்ல பதில் வந்தால், அங்கீகாரம் உள்ள பயிற்சியைத் தேடுங்கள். வேலையில் இருந்துகொண்டே சேருங்கள். அடுத்தவர் வலியை இன்னும் ஆழமாகப் புரிந்து உதவணும் என்று தோன்றினால், கவுன்சலிங் சைக்காலஜி, சமூகப் பணி போன்ற முதுநிலைப் படிப்புகள் உங்களுக்கான வழியாக இருக்கலாம்.

'இது நமக்கு செட் ஆகாது' என்று தெரிந்தாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. கோர்ஸ் காசு மிச்சம். அடுத்த முறை ராத்திரி 1 மணிக்கு அந்த ஃப்ரெண்ட் போன் பண்ணும்போது, அட்வைஸை ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "இப்போ நான் சும்மா கேட்கணுமா, இல்ல என்ன பண்ணலாம்னு யோசிக்கணுமா?"