50-ஐத் தாண்டிய ஜாகுவார்... விற்க மனசு வராதது ஏன்?

பிரிட்டனில் பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6 வைத்திருப்பவரிடம், ‘இதை விற்றுவிட்டுப் புது கார் வாங்கலாமே’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும்!

1968-ல் அறிமுகமான கார் இது. ஜாகுவார் நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ், ஓய்வுபெறும் முன் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கடைசி சலூன். உள்ளே வால்நட் மர டேஷ்போர்டு, தோல் இருக்கைகள். பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று தீர்ந்தால் ஸ்விட்சைத் தட்டி அடுத்ததுக்கு மாறலாம். ரப்பர் மவுன்ட்டுகள் சாலையின் அதிர்வை வெளியிலேயே நிறுத்திவிடும்.

தொல்லை இல்லையா? நிறையவே உண்டு. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, பாடியைத் துருவாக்கி அரிக்கும். 4.2 லிட்டர் இன்ஜினுக்குப் பெட்ரோல் தாகம் அதிகம். 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு அங்கே சாலை வரி விலக்கு உண்டு என்பது சின்ன ஆறுதல்.

இன்றைய கார் பழுதானால் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். இதிலோ பானெட்டைத் திறந்து, சத்தத்தைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கும் உரிமையாளர்கள் உண்டு. தப்பிப் பிழைத்த ஒவ்வொரு எக்ஸ்ஜே6-க்குப் பின்னாலும், துருவோடு மல்லுக்கட்டிய ஒருவர் இருக்கிறார். அவ்வளவு பாடுபட்ட பிறகு விற்க மனசு வருமா என்ன?